தோட்டத்து ஷெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு ஒரு சிறிய தென்னந்தோப்பு இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது பாதி மரங்கள் சாய்ந்தன. மண்வெட்டி, கடப்பாரை, தெளிப்பான் எல்லாம் வைத்திருந்த தகர ஷெட்டின் கூரை இரண்டு வயல் தள்ளிக் கிடந்தது. சுற்றிலும் கட்டியிருந்த இடுப்பளவுச் சுவர் மட்டும் அப்படியே நின்றது. குழாய்க்கால்கள் பிடுங்கிக்கொண்டு போன குழிகளை எட்டிப் பார்த்தேன். ஓர் அடி ஆழம்கூட இல்லை. மேலாகக் கொஞ்சம் கலவை போட்டு மூடியிருந்தார்கள். சுவருக்கும் பெயின்டுக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு மண்ணுக்குள் போக வேண்டியதில் கஞ்சத்தனம் செய்திருந்தோம்.

மறுபடி கட்டியது நான் பார்த்துப் பார்த்துக் கட்டியது. அதைப் பார்க்க வந்த அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும், ஊரில் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கும் நண்பர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

மோட்டார் ரூமிலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாமே, தனி ஷெட் எதற்கு?

தயவுசெய்து வேண்டாம். மோட்டார் ரூமில் ஈரம் அதிகம், ஸ்டார்ட்டர் பெட்டியும் அங்கேதான் இருக்கிறது. உரத்தூள் ஈரத்தோடு சேர்ந்தால் செம்புத் தொடுமுனைகளை அரித்துவிடும். அதைவிட முக்கியம், இரவில் மின்சாரம் வந்ததும் மோட்டார் போடப் போகிறவர் மண்வெட்டியையும் மூட்டையையும் தாண்டி ஈரக்கையோடு ஸ்டார்ட்டரைத் தேடக் கூடாது.

எவ்வளவு பெரியதாகக் கட்டலாம்?

அளவை முதலில் முடிவு செய்யாதீர்கள். உள்ளே வைக்க வேண்டிய அத்தனை பொருளையும் ஒரு நாள் களத்தில் பரப்பி வையுங்கள். நடுவில் நீங்கள் நடக்க மூன்றடி வழி விட்டு, சுற்றிலும் கயிறு கட்டுங்கள். அதுதான் உங்கள் ஷெட். ஓரிரு ஏக்கர் தோட்டத்துக்கு 8 அடிக்கு 10 அடி பெரும்பாலும் போதும். எங்களுடையதும் அதுதான், கீழே சொல்லும் கணக்குகள் எல்லாம் அந்த அளவை வைத்தே.

தள்ளுவண்டி இருந்தால் வாசல் மூன்றரை அடி இருக்கட்டும். ஏணியை உள்ளே வைக்க ஷெட்டைப் பெரிதாக்க வேண்டாம். கூரையின் இறப்புக்கு, அதாவது சுவரைத் தாண்டி நீளும் ஓரத்துக்கு அடியில், வெளிச்சுவரில் இரண்டு கொக்கி அடித்துப் படுக்கவைத்து மாட்டினால் போதும்.

தேங்காயையும் நெல்லையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். விளைச்சலுக்கு இடம் வேண்டுமென்றால் அது வேறு கட்டடம்.

எந்த இடத்தில் போடுவது?

மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வழியாக ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். கோடையில் நின்று இடம் தேர்ந்தெடுப்பவர்கள் வாய்க்கால் போகும் பாதையிலேயே அஸ்திவாரம் தோண்டிவிடுகிறார்கள்.

தென்னைக்கு நேர் கீழே கூடாது. விழுகிற காய் தகட்டைக் குழியாக்கும், ஓடுகளை உடைக்கும். நீளமான மட்டை விழுந்தால் கூரையின் ஓரமே மடங்கிவிடும். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் நான்கு மரங்களின் நடுவே வைத்தாலும் மட்டையிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது. பட்டுப்போன மரம் இருந்த வெற்றிடமோ வரப்போரமோ கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் எல்லையை ஒட்டிக் கட்டினால் கூரைத் தண்ணீர் அவர் நிலத்தில் விழும். அதில் தொடங்கிய பகை தலைமுறை தாண்டியும் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வாசல் எந்தத் திசையில்?

சாஸ்திரம் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிடவில்லை. மழையையும் காற்றையும் மட்டும் சொல்கிறேன். டெல்டாவிலும் கடலோரத்திலும் பெருமழை வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. ஆடிக்காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. வடக்கில் வாசல் வைத்தால் சாரல் நேரே உள்ளே வரும், மேற்கில் வைத்தால் ஆடியில் கதவு அடித்துக்கொண்டே இருக்கும். எங்கள் வாசல் தெற்கே பார்த்திருக்கிறது, மேலே ஓரடி இறப்பு நீட்டியிருக்கிறது. இதுவரை உள்ளே சாரல் வரவில்லை.

அனுமதி வாங்க வேண்டுமா?

வீட்டு மனையில் கட்டுகிறீர்கள் என்றால் 2019 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் உண்டு. மனையின் எல்லையிலிருந்து எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதையெல்லாம் அவை சொல்கின்றன. கையால் ஒரு படம் வரைந்து எடுத்துக்கொண்டு ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். குழி தோண்டிய பிறகு கேட்பதில் பயனில்லை.

கீற்றா, ஓடா, தகடா, சிமென்ட் ஷீட்டா?

எனக்கு மனத்துக்குப் பிடித்தது கீற்றுதான். சித்திரை வெயிலிலும் உள்ளே உட்கார முடியும், கீற்று நம் தோப்பிலேயே கிடைக்கிறது, முடையத் தெரிந்த பெண்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பனை ஓலை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். இன்னொன்று தீ. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பலி வாங்கிய தீ கீற்றுக் கூரை வழியாகத்தான் பரவியது. எங்கள் மாவட்டத்துக்காரர்கள் யாருக்கும் அந்த நாள் மறக்காது. புல்வெட்டும் கருவிக்குப் பெட்ரோலும் ஜெனரேட்டருக்கு டீசலும் வைக்கிற இடத்துக்குக் கீற்று வேண்டாம். களைப்பாற ஒரு தனிப் பந்தலுக்குக் கீற்றைப் போடுங்கள், ஆசை தீர.

ஓடு நல்ல கூரை. வெயிலைத் தாங்கும், பல்லாண்டு இருக்கும். ஆனால் கனம் அதிகம், அதற்கேற்ற கைமரமும் (சரிவாகப் போகும் சட்டம்) ரீப்பரும் (அதன்மேல் அடிக்கும் குறுக்குப் பட்டி) வேண்டும். பனைமரத்தில் செதுக்கிய கைமரமான பனங்கை கிடைத்தால் அதைப்போல ஒன்றில்லை. முற்றிய பனையின் வெளிப்பகுதி இரும்பாக இருக்கும், நடுவில் இருக்கும் சோற்றைச் செதுக்கி எடுத்துவிட வேண்டும். அதற்காகப் பனையை வெட்டாதீர்கள். 2021 முதல் தமிழ்நாட்டில் பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் வெட்ட மனம் வரக் கூடாது. பழைய ஓட்டு வீடுகளை இடிக்கும் இடங்களில் பனங்கையும் ஓடும் தேக்குக் கதவும் சேர்ந்தே விலைக்கு வருகின்றன. பொறுமையாகத் தேடினால் ஒரு ஷெட்டுக்கு வேண்டியது ஒரே வீட்டிலிருந்து கிடைத்துவிடும். குரங்குத் தொல்லை உள்ள ஊர்களில் மட்டும் ஓட்டை நினைக்காதீர்கள்.

சிமென்ட் ஷீட் என்று கடையில் சொல்லும்போது ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததா, கலக்காததா என்று கேளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் உலகச் சுகாதார நிறுவனம் புற்றுநோய்க் காரணியாகவே வகைப்படுத்தியிருக்கிறது; பிரிட்டன் 1999 இல் தடை செய்தது; நம் நாட்டில் இன்னும் விற்கிறார்கள். வெட்டும்போதும் துளை போடும்போதும் உடையும்போதும்தான் தூசி பறக்கிறது. அதைச் செய்கிறவர் ஒரு துண்டைக்கூட மூக்கில் கட்டாமல் வேலை செய்வார். விலை குறைவு என்பதற்காக அந்தத் தொழிலாளியின் மூச்சில் அதைப் போட எனக்கு மனமில்லை. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஏற்கெனவே இருந்தால் உடைக்காமல், நன்றாக நனைத்து, முழு ஷீட்டாகவே இறக்குங்கள்.

மீதி இருப்பது வண்ணம் பூசிய இரும்புத் தகடு. நான் போட்டிருப்பது இதைத்தான். 0.5 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். மைக்ரோமீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லலாம், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். சுற்றிலும் ஓரடி நீட்டினால் கூரை 10 அடிக்கு 12 அடி. ஒரு தகடு மேல்மடிப்புப் போக ஒரு மீட்டர் அகலத்தை மூடும். ஆகவே பத்தரை அடி நீளத்தில் 4 தகடுகள் போதும், நீளவாக்கில் ஒட்டே வராது. ஒட்டு இல்லாத இடத்தில் ஒழுக்கும் இல்லை. முன்கால் எட்டரை அடி, பின்கால் ஏழடி என்று ஒருபக்கச் சரிவாக வைத்தால் தண்ணீர் பின்பக்கம் வழியும்.

காற்றுக்கு நிற்குமா?

இதைத்தான் எல்லாரும் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நொடிக்கு 50 மீட்டர் காற்றைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. மணிக்கு 180 கிலோமீட்டர். கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் நொடிக்கு 39 மீட்டர். 50 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் ஏறத்தாழ 150 கிலோ. காற்று கூரையை அமுக்குவதைவிடத் தூக்குவதுதான் ஆபத்து: மேலே உறிஞ்சும், வாசல் வழியாகப் புகுந்து கீழிருந்தும் தள்ளும். இரண்டும் சேர்ந்தால் அந்த 150 கிலோ முழுவதும் மேல்நோக்கிய இழுப்பாக மாறலாம். நம் கூரை 120 சதுர அடி, அதாவது சுமார் 11 சதுர மீட்டர். மொத்த இழுப்பு ஒன்றரை டன்னுக்கு மேல். தகடுகளின் எடையோ 50 கிலோ சொச்சம். மீதியை எது பிடித்துக்கொள்ளப் போகிறது?

மண்ணுக்குள் இருக்கும் கான்கிரீட்தான். ஆறு கால்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை அடி சதுரம், இரண்டடி ஆழக் குழி. ஒரு குழியில் நிறையும் கான்கிரீட் சுமார் 300 கிலோ. ஆறும் சேர்ந்தால் 1,800 கிலோ. ஆறு குழிக்கும் சேர்த்து ஏறக்குறைய 5 மூட்டை சிமென்ட். அவ்வளவுதான் செலவு. எங்கள் பழைய ஷெட்டில் இதை மிச்சம் பிடித்துத்தான் கூரையை இழந்தோம்.

குழியின் அடிப்பகுதியைக் கொஞ்சம் அகலமாக வெட்டச் சொல்லுங்கள். குழாயின் கால்முனையில் இரண்டு கம்பித்துண்டுகளைக் குறுக்காகப் பற்றவைத்து இறக்கினால் கான்கிரீட்டிலிருந்து குழாய் உருவிக்கொண்டு வராது. மண்மட்டத்துக்கு மேலே மூன்று அங்குலம் வரை கான்கிரீட்டை எழுப்பிச் சரிவாகத் தேய்த்துவிடுங்கள். இரும்பு எப்போதும் மண்ணைத் தொடும் இடத்தில்தான் துருப்பிடித்து முறிகிறது.

பிறகு திருகாணி. தகட்டின் மேட்டில் அடியுங்கள், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் வேண்டாம். ரப்பர் வாஷர் கட்டாயம். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் ஒவ்வொரு மேட்டிலும் ஒன்று அடிக்க வேண்டும், காற்று முதலில் அங்கேதான் நகத்தை நுழைக்கிறது. தகட்டைத் தாங்கும் குறுக்குக் குழாய்கள் மூன்று, மூன்றரை அடிக்கு ஒன்று இருக்கட்டும்.

கடல் பக்கம் இல்லை என்று அலட்சியம் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே உள்ள ஊர்க்காரர்களையும் ஆரல்வாய்மொழிக்காரர்களையும் கேளுங்கள், ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை.

தரை எப்படி?

சுற்று மட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்துங்கள். செங்கல் சுற்றுக்கட்டு, உள்ளே கிராவல் நிரப்பி, அரை அடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டிவிட்டு மேலே இடித்தால் ஒரே மழையில் இறங்கிவிடும். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் நான்கு அங்குலக் கான்கிரீட். இதற்கும் 5 மூட்டை சிமென்ட் ஆகும். வாசலை நோக்கி ஓர் அங்குலம் சரிவு கொடுங்கள், கழுவிவிட்டால் தண்ணீர் தானே வெளியேறும். ஏழு நாளாவது சாக்குப் போட்டு நனைத்து வையுங்கள்.

படி வைப்பதற்குப் பதில் சாய்தளம் வையுங்கள். தள்ளுவண்டியைப் படியில் தூக்கித் தூக்கி என் முதுகு போனதுதான் மிச்சம்.

சுவர் தேவையா?

முழுச்சுவர் தேவையில்லை. இடுப்பளவுக்குச் செங்கல், அதற்கு மேல் மூன்று பக்கம் தகடு, கூரையை ஒட்டிக் கால் அங்குலக் கண் உள்ள கம்பிவலை. திருட்டுப் பயம் இல்லாத இடமானால் தகட்டுக்குப் பதில் மூங்கில் தட்டியோ பனைமட்டைத் தட்டியோ கட்டலாம். உள்ளே காற்றும் வெளிச்சமும் தாராளமாக இருக்கும், பிய்ந்தால் அரைநாளில் மாற்றிவிடலாம்.

உள்ளே அடுப்பாகக் கொதிக்கிறதே?

நம் பக்கத்தில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு கடைசியிலும் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே நிற்கிறது. சுவரில் விழும் வெயிலைவிடக் கூரையில் விழுவதுதான் அதிகம். ஆகவே சுவருக்கு மருத்துவம் செய்யாமல் கூரையைப் பாருங்கள். வெள்ளைத் தகடு வாங்குங்கள், கருநீலமும் கரும்பச்சையும் வேண்டாம். கூரைக்கடியில் வலை வழியாகச் சூடான காற்று வெளியேறினாலே பாதி வெக்கை குறையும். சவுக்குக் கம்பு போட்டு உள்ளே ஒரு மூங்கில்பாயைக் கட்டினால் மீதியும் குறையும்.

கரையானை எப்படித் தடுப்பது?

மரத்தை மண்ணில் ஊன்றாதீர்கள், அவ்வளவுதான். சவுக்கோ மூங்கிலோ கான்கிரீட்டின் மேல் நிற்கட்டும். ஊன்றியே ஆக வேண்டுமென்றால் மண்ணுக்குள் போகும் பகுதியைத் தீயில் கருக்கி, ஆறியபின் தார் பூசி இறக்குவது நம் பெரியவர்கள் செய்தது; சில ஆண்டுகள் தாங்கும். மூங்கிலை வெட்டியதும் சில வாரம் குளத்தில் ஊறப்போடுவதும் பழைய வழக்கமே. மாவுச்சத்து கரைந்து போவதால் பிறகு உளுக்காது. மருந்து அடிப்பதென்றால் அஸ்திவாரக் குழியிலேயே, கட்டுவதற்கு முன் அடிக்க வேண்டும். கிணற்றுப் பக்கம் அதுவும் வேண்டாம்.

பாம்பு வருமா?

எலி வந்தால் பாம்பு வரும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் நம் தோட்டங்களில் உண்டு. கதவுக்கடியில் அரை அங்குலச் சந்து இருந்தால் போதும். அங்கே பழைய டயர் ரப்பரை வெட்டி ஒரு பட்டையாக அடித்துவிடுங்கள். விதை, புண்ணாக்கு, கோழித்தீவனம் மூன்றையும் மூடியுள்ள தகர டிரம்மில் வையுங்கள். தேங்காய் மட்டையையும் விறகையும் ஷெட்டை ஒட்டி அடுக்காதீர்கள், பத்தடி தள்ளி அடுக்குங்கள். கருவிகளைத் தரையில் குவிக்காமல் சுவரில் மாட்டினால் இருட்டில் கைவிட்டுத் துழாவ வேண்டியிருக்காது. இத்தனைக்கும் பிறகு ஒரு டார்ச் வாசலுக்கு வெளியிலேயே தொங்கட்டும்.

உரத்தையும் பூச்சிமருந்தையும் சேர்த்து வைக்கலாமா?

கூடாது. யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். பூச்சிமருந்துக்குப் பூட்டுள்ள தனிப்பெட்டி, குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில். வாங்கிய குப்பியிலேயே இருக்கட்டும். குளிர்பானப் பாட்டிலில் மாற்றி வைத்த மருந்தைத் தண்ணீர் என்று குடித்த துயரத்தைக் கேள்விப்படாத கிராமம் இல்லை. கைகழுவ ஒரு குழாயும் சோப்பும் வெளியே வைத்துவிடுங்கள். எரிபொருளுக்கு வெளிப்பக்கம் தனியாக ஒரு மாடம்.

கரண்ட் இழுக்கலாமா?

பம்புசெட்டின் இலவச இணைப்பிலிருந்து ஷெட்டுக்கு இழுக்காதீர்கள், அது பாசனத்துக்காகக் கொடுத்தது. ஒரு சிறிய சூரியத்தகடு விளக்கு போதும். வீட்டு இணைப்பிலிருந்து எடுத்தால் 30 மில்லியாம்பியர் கசிவுக்கு நின்றுவிடும் பாதுகாப்பு சுவிட்ச் கட்டாயம்.

ரெடிமேடாக வாங்கி வைத்துவிடலாமே?

வாங்கலாம். ஆனால் இறக்கிவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்குவது உங்கள் பொறுப்பு. அதைச் செய்யாவிட்டால் நீங்கள் வாங்கியது ஒரு பட்டம்.

மாடித்தோட்டத்துக்கு?

ஷெட் வேண்டாம். தளத்தில் துளை போட்டால் ஒழுகும், போடாவிட்டால் பறக்கும். கைப்பிடிச்சுவரை ஒட்டி, இடுப்பளவுக்கு மூடியுள்ள ஒரு பெட்டி போதும்.

எப்போது தொடங்குவது?

பொங்கல் கழிந்து, அறுவடை வேலை ஓய்ந்ததும். தையிலிருந்து பங்குனி வரை மண் காய்ந்திருக்கும், கொத்தனாரும் வெல்டரும் கிடைப்பார்கள். குழியும் கால்களும் இரண்டு நாள், தரை இரண்டு நாள், நனைக்க ஒரு வாரம், கூரை ஒரு நாள். கான்கிரீட் இறுகுவதற்குள் கூரையை ஏற்ற வெல்டர் அவசரப்படுவார். விடாதீர்கள்.

ஏற்கெனவே கட்டிய ஷெட் இருக்கிறது. இடிக்காமல் பலப்படுத்த முடியுமா?

முடியும். ஒவ்வொரு காலையும் ஒட்டி இரண்டடிக் குழி தோண்டி, ஓர் ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) துண்டைக் காலோடு பற்றவைத்து, குழியைக் கான்கிரீட்டால் நிரப்புங்கள். ஒரே நாளில் எல்லாக் காலையும் தோண்டாதீர்கள். மூலைக்கு மூலை, ஒன்று இறுகியபின் அடுத்தது. கால்களுக்கிடையே பெருக்கல் குறிபோலக் குறுக்குக் கம்பி கொடுங்கள். கூரை ஓரங்களில் திருகாணியைக் கூட்டுங்கள். கீற்றுக் கொட்டகையானால் பழைய மீன்வலையைக் கூரைமேல் போர்த்தி, நான்கு பக்கமும் முளையடித்து இழுத்துக் கட்டுங்கள். இதையெல்லாம் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும்.

நான் ஒவ்வொரு புரட்டாசியிலும் ஏணி போட்டு ஏறித் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பார்க்கிறேன். வெயிலில் வெடித்த வாஷர்கள் சென்ற ஆண்டு பதினொன்று இருந்தன. மாற்றிவிட்டேன்.